வீட்டுக்கு உதவாத பரிசு

செப்டம்பர் 5

கடையில் இன்று பதினோரு ஜோடி லென்ஸ் வெட்டித் தேய்த்து ஃபிரேமில் மாட்டினேன். ஒன்று ஓரத்தில் சிதறிவிட்டது. முதலாளி திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன், தினமும் போகிற மாதிரி, டிபன் கேரியரை மாற்றிக்கொண்டு வர. நாற்பத்துநான்கு வயதில் இன்னும், அண்ணனோடு இருக்கும் அக்கா கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டைத்தான் கடைக்கு எடுத்துப் போகிறேன். இதையும் எழுதி வைக்கிறேன். பின்னால் நான் பெரிய நியாயவாதி போலப் பேசும்போது ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். வெளியூரில் இருக்கும் அவன் மகளுக்கு டிசம்பரில் பிரசவம். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் அக்கா நவம்பர் பத்தாம் தேதி ரயிலேறுகிறாள். டிக்கெட் எடுத்தாயிற்று. "ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு வரட்டும்" என்றான், கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வரட்டும் என்பதுபோல.

அக்காவுக்கு ஐம்பத்தாறு முடியப் போகிறது. எங்கள் மூன்று பேரில் மூத்தவள். அப்பா படுக்கையில் விழுந்தபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றாள். அப்புறம் அப்பா, அம்மா, அண்ணன், நான், எங்கள் பிள்ளைகள் என்று வரிசையாக ஆள் மாறியதே தவிர அவள் வேலை மாறவில்லை. அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எடுக்க யாருக்கும் வசதிப்படவில்லை என்பதுதான் உண்மை.

சமையலறைக்குப் போய் மெதுவாகக் கேட்டேன், உன்னிடம் கேட்டார்களா என்று. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"எனக்கென்ன, கடுகு. எங்க இருந்தாலும் ஒண்ணுதான். என்னைப் புடிச்சு வைக்க இங்க என்ன இருக்கு?"

கடுகு என்பது நான். சின்ன வயதில் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடிப்பேனாம். இன்று வெடிக்கவில்லை. கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 6

என்னைப் புடிச்சு வைக்க இங்க என்ன இருக்கு. என்ன இருக்கு. நாள் முழுக்க இதேதான் காதில்.

செப்டம்பர் 8

அக்காவின் பிறந்தநாள் அக்டோபர் ஒன்பது. இதுவரை அவளுக்கு நாங்கள் கொடுத்த பரிசுகளை நினைத்துப் பார்த்தேன். குக்கர். மிக்ஸி. இன்னொரு குக்கர், பெரியது, ஏனென்றால் விருந்தாளிகள் வருகிறார்கள். வாக்குவம் கிளீனர். போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்தது காய் நறுக்கும் மெஷின். வெட்கங்கெட்டவள் நான். பரிசு என்று கலர் பேப்பர் சுற்றி, எங்களுக்குச் சமைத்துப் போட அவளுக்கே ஆயுதம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

அவளுக்கென்றே கொடுத்ததும் இரண்டு உண்டு. ஒரு கைக்கடிகாரம், ஒரு தோள்பை. இரண்டும் பெட்டியோடு பீரோவில் இருக்கின்றன. கேட்டால், புதுசு, தொட்டால் கெட்டுப்போகும் என்பாள்.

முடிவு பண்ணிவிட்டேன். இந்த முறை வீட்டுக்கு உதவாத ஒரு பொருள். அதை வைத்து யாருக்கும் எதுவும் ஆக்கிப்போட முடியக் கூடாது. துவைக்கவோ பெருக்கவோ கூடாது. என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 11

தெரிந்துவிட்டது!

அண்ணன் வீட்டு மொட்டைமாடி. அக்கா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள், நான் மடித்துப் போட்டேன். மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள், தையற்காரர்கள் துணியில் போடும் சாக்கட்டியால் போட்டவை. பிள்ளைகள் கிறுக்கல் என்று நினைத்தேன். இந்த வீட்டில் இப்போது பிள்ளைகள் ஏது?

கேட்டதும் அக்காவுக்குத் திருடி மாட்டிக்கொண்ட முகம். "அதுவா, சும்மா" என்றாள். விடுவேனா. மெல்ல மெல்லச் சொன்னாள். சூரியன் போனதும் மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிகிறதே, வெள்ளி, அது கீழே இறங்கி மறையும் இடத்துக்கு ஒரு கோடு. வாரத்துக்கு ஒன்று. துணிக்கம்பத்தில் முதுகை ஒட்டி நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். வாராவாரம் கோடு இடது பக்கம் நகர்கிறது. பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வரும் என்று நினைக்கிறாளாம்.

"நினைக்கிறியா? பாத்ததில்லையா?"

"பாத்ததில்ல" என்றாள். துணிக்கூடையைத் தூக்கியவள் படியில் நின்று, சனிக்கு வளையம் இருக்காமே, அது வெறுங்கண்ணுக்குத் தெரியாதாமே, உங்கள் கடை லென்ஸில் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சரி என்று இறங்கிப் போனாள், உப்பு இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்ட மாதிரி.

இத்தனை வருஷமாக அந்த மாடியில் அவள் துணிதான் காயப்போடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

டெலஸ்கோப். வேறு பேச்சே இல்லை.

செப்டம்பர் 12

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, லிஃப்ட்கூடக் கடைசி மாடிக்கு மேல் போகாது, நீ அதையும் தாண்டுகிறாய் என்று கேலி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் பெரிய பொம்மைக் கடைக்குப் போனேன். பெட்டியில் வண்ண வண்ணமாகக் கோள்களின் படம். 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முன்னால் இருந்த லென்ஸை நகத்தால் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக். மூன்று கால் ஸ்டாண்டு நான் மூச்சு விட்டதற்கே ஆடியது. இது எதைக் காட்டும் என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். எல்லாம் காட்டும் மேடம் என்றாள். எதிர்க்கட்டிடத்தின் பெயர்ப்பலகையைக் காட்டச் சொன்னேன். பத்து நிமிஷம் திருகினாள். கொழகொழவென்று ஏதோ தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக லென்ஸோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் வந்து இந்தக் கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

செப்டம்பர் 16

வீட்டுக்காரர் வாயில் எதுவும் தங்காது. அண்ணனிடம் உளறியிருக்கிறார். அண்ணன் போன் பண்ணினான்.

"அம்பத்தாறு வயசுல நட்சத்திரம் பாக்கப் போறாளா? அது சோறு போடுமா? ஒரு நல்ல மெத்தை வாங்கிக் குடு. போற எடத்துல படுக்கவாவது ஆகும்."

போற எடத்துல. இருக்கிற இடத்தில் அவள் படுப்பது சமையலறைக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையோடு ஒரு கட்டிலில். அது இவன் கண்ணில் படவில்லை. சோறு போடாத பொருளாகப் பார்த்துத்தான் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று பிறகு செய்தி அனுப்பினேன்.

செப்டம்பர் 19

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கேமரா ரிப்பேர் பண்ணுகிறவர் ஒருவர் டெலஸ்கோப்பும் விற்கிறார் என்று எங்கள் கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னார். போனேன். நாற்பது வயது இருக்கும், ஒரு கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டே பேசுகிற ஆள். ஒரு நல்ல டெலஸ்கோப் எடுங்கள் என்றால், எடுக்கவில்லை. கேள்வி கேட்கிறார். யாருக்கு. எத்தனை வயது. முட்டி வலி உண்டா. கனமான பொருளைத் தூக்குவாரா. எங்கே வைத்துப் பார்ப்பார். தெருவிளக்கு முகத்தில் அடிக்குமா. எனக்குப் பொறுமை போய்விட்டது. பொருள் விற்கிறீர்களா, பெண் பார்க்க வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"கடைசியா ஒண்ணு. அவங்க இப்பவே வெறுங்கண்ணால வானத்தைப் பாக்குறவங்களா?"

சாக்குக் கோடுகளைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் கண்ணிலிருந்து உருப்பெருக்கியைக் கழற்றினார்.

அதன்பிறகு நன்றாகவே பேசினார். எத்தனை மடங்கு என்பதெல்லாம் பெட்டி விற்கிறவன் கணக்காம். வாய் எவ்வளவு அகலம் என்றுதான் பார்க்க வேண்டும், அகலமான பாத்திரத்தில் அதிக மழை விழுவதுபோல் அதிக வெளிச்சம் விழும். முதல் டெலஸ்கோப்புக்கு ஐந்து அங்குலம் போதும். அடியில் குழிந்த கண்ணாடி, மேலே கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ், கீழே மரத்தட்டு. தட்டைச் சுற்றினால் சுற்றும், குழாயைத் தூக்கினால் தூக்கும், அவ்வளவுதான் வித்தை. நல்ல உறுதியான ஸ்டூல் மேல் வைத்தால் உட்கார்ந்தபடி பார்க்கலாம், முட்டியை மடக்க வேண்டாம். ஆடுகிற ஸ்டாண்டில் ஆடுகிற நிலாவைப் பார்த்தவர்கள் மறுவாரமே பரணில் ஏற்றிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்தும் வெளியே எடுக்கத் தோன்றுகிற டெலஸ்கோப்தான் நல்ல டெலஸ்கோப்.

அப்படி ஒன்று வரவழைக்கச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28

வந்துவிட்டது. எங்கள் அறையில் பீரோவுக்குப் பின்னால், போர்வை போர்த்தி. கேமராக்காரர் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார், உள்ளே கை வைக்காதீர்கள் என்று. யாரிடம் சொல்கிறார்! சுருக்கென்றிருந்தது.

அக்டோபர் 5

நான் ஒரு முட்டாள். இதைவிட நல்ல வார்த்தை இருந்தால் நாளைக்கு எழுதுகிறேன்.

வீட்டில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்து அழகு பார்த்தேன். குழாயின் மேல்பாதி வெறும் கம்பிகள்தான், உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் அந்தக் கண்ணாடி தெரியும். அதில் தூசி. நாலைந்து புள்ளி, அவ்வளவுதான். தூசியோடு ஒரு கண்ணாடியை யாருக்காவது கொடுப்பேனா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகவே போனது. பையிலிருந்து கடைத் துணி, கடையில் லென்ஸ் துடைக்கத் தெளிக்கும் தண்ணீர். வட்டம் வட்டமாகத் துடைத்தேன், வாடிக்கையாளர் கண்ணாடியைத் துடைக்கிற அதே மாதிரி, கடைசியில் ஊதிவிட்டு.

பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வளைவளைவாகக் கீறல். முடி போல மெல்லியது. ஆனால் முழுக்க.

துணியை உதறினேன். வெள்ளைப் பொடி பறந்தது. லென்ஸ் தேய்த்த பொடி. காலையில் அதே துணியால்தான் மெஷினைத் துடைத்தேன்.

ஐயோ, ஏன்டி தொட்டே? சும்மா இருக்க மாட்டியா நீ?

அக்டோபர் 7

கேமராக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு டெலஸ்கோப் விற்கவே பயமாக இருக்கிறது என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைக்கலாம், அதற்குப் பூச்சு பின்பக்கம். இதற்குப் பூச்சு முன்பக்கம். நான் துடைத்தது கண்ணாடியை அல்ல, பூச்சையே. தூசி அப்படியே இருந்திருந்தால் பத்து வருஷம் ஒன்றும் ஆகியிருக்காதாம்.

மாற்ற முடியுமா என்றேன். வேறு கண்ணாடி வர ஆறு வாரம். பிறந்தநாள் நாளை மறுநாள். ரயில் அடுத்த மாதம் பத்தாம் தேதி.

"இப்படியே தெரியுமா?"

"தெரியும். எவ்வளவு தெரியும்னு பாத்தாத்தான் தெரியும்."

இந்த ஆள் ஒருநாளாவது நேராகப் பதில் சொல்வாரா.

அப்படியே கொடுக்கப் போகிறேன். மறைக்கவும் மாட்டேன். அண்ணன் மெத்தை வாங்கிவிட்டானாம், வீட்டுக்காரர் சொன்னார்.

அக்டோபர் 9

கையை நிதானமாக வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எதையும் விடக் கூடாது.

சாயங்காலம் நாலரைக்கே போய்விட்டேன். அண்ணன் வாங்கிய மெத்தை கூடத்தில் சுருட்டி நின்றது, அண்ணி அதைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பிறகு என் பெட்டியைப் பிரித்தேன். அண்ணிதான், இதில் எதைப் பார்ப்பது என்றாள். சனி என்றேன். சனியை எல்லோரும் போ போ என்கிறார்கள், நீங்கள் காசு கொடுத்துக் கூப்பிடுகிறீர்களே என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள், தொடவில்லை. எனக்குத் தெரியும் அந்த நிற்பு. கைக்கடிகாரத்துக்கும் தோள்பைக்கும் இப்படித்தான் நின்றாள். இதுவும் போர்வையோடு பீரோவுக்குள் போகப் போகிறது. அங்கேயே, அண்ணன் முன்னாலேயே சொல்லிவிட்டேன், கண்ணாடியைக் கீறித் தொலைத்துவிட்டேன், புதுசு போலக் கொடுக்க முடியவில்லை, மன்னிச்சுக்கோ என்று. அழுகைகூட வந்தது. அண்ணன், "நல்ல பரிசு" என்றான்.

அக்கா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"விடு, கடுகு. புதுசுன்னா நான் பயந்து பயந்து உள்ளதான் வெச்சிருப்பேன். நீயே கீறிட்ட. இனி என்ன பயம்."

அவ்வளவுதான். சமையலறைக்குள் போனாள். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க ஏறி நிற்பாளே, அந்தக் கனமான மர ஸ்டூல், அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அவளே மாடிக்குத் தூக்கிப் போனாள்.

ஆறரை மணிக்கு நிலா, ஏறக்குறையப் பாதி. குறிபார்க்கக் குழாயில் இருக்கும் சிவப்புப் புள்ளியை அதில் வைத்துக் குழாயைத் திருப்ப அவளுக்கு இரண்டே நிமிஷம்தான் ஆனது. எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பார்த்தாள். நிலா தலைகீழாகத் தெரியும் என்று கேமராக்காரர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் பள்ளங்களுக்குள் நிழல் கிடக்கிறது என்றாள், என்னிடமா, அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. கீறல் தெரிகிறதா என்றேன். எந்தக் கீறல் என்றாள்.

கீழே பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை மாடி வரைக்கும் வந்தது. அண்ணி கூப்பிட்டாள், அண்ணன் கூப்பிட்டான். எனக்குத்தான் கால் பரபரத்தது. அக்கா நகரவே இல்லை.

அக்டோபர் 10

காலையிலிருந்து ஒரு சந்தேகம். அண்ணன் அவளைப் போ என்கிறான். நான் இரு என்கிறேன். பெட்டிக்குள் வைத்து நானும் ஒரு உத்தரவைத்தான் கொடுத்திருக்கிறேனோ? அவளை யாராவது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோமா? நான் கேட்டேனா? கேட்கவில்லை.

ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அக்டோபர் 14

இன்று நிலாவுக்குப் பக்கத்திலேயே சனி இருக்கும் என்று அக்கா பேப்பரில் படித்து வைத்திருந்தாள். அண்ணன் படித்துவிட்டு மடித்துப் போடுகிற அதே பேப்பர். ஏழரை மணிக்கு என்னைப் போனில் கூப்பிட்டு, வா என்றாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஓடினேன்.

கண் வைத்துப் பார்த்தேன். இத்தனூண்டு. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஆனால் அதைச் சுற்றி மெல்லிசாக, சத்தியமாக, வளையம். என் கீறலையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது.

"நிஜமாவே இருக்கு" என்றாள் அக்கா. நான் தலையை எடுப்பதற்குள் என்னைத் தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைத் தள்ளியது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 21

ஐந்து நாளாக மேகம். அண்ணன் இப்போது தாராளமாகிவிட்டான். ஆசைப்பட்டால் டெலஸ்கோப்பையும் எடுத்துப் போகட்டும், லக்கேஜில் போடலாம் என்கிறான். அண்ணன் மகளிடம் போனில் கேட்டேன், உன் வீட்டில் மாடி உண்டா என்று. பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி, அத்தை, மொட்டைமாடி பூட்டியே இருக்கும், பால்கனிக்கு எதிரில் அடுத்த கட்டிடத்துச் சுவர் என்றாள். கெட்டவள் இல்லை அவள். பயந்துபோயிருக்கிறாள், முதல் பிரசவம்.

அக்காவிடம் சுவரைப் பற்றி மட்டும் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 27

ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அண்ணன் வீட்டில். எத்தனை பெட்டி, எந்தப் போர்வை என்று அண்ணன் பயணத் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா பரிமாறிக்கொண்டே, குரலை உயர்த்தாமல்,

"நான் போகல" என்றாள்.

அண்ணனுக்குக் காதில் விழவில்லை. பேசிக்கொண்டே போனான். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு மறுபடி சொன்னாள். இப்போது விழுந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டான். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வெள்ளி தண்ணீர்த் தொட்டிகிட்ட வந்துவிட்டது, அது திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணன் என்னைப் பார்த்து முறைத்தான். நீதான் ஏற்றிவிட்டாய் என்றான். ஆமாம் என்று நான் எழுந்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள்.

"அவ ஒண்ணும் சொல்லல. நானா சொல்றேன். ஒரு தடவை அது அங்க வந்தப்போ அப்பாவோட ஆஸ்பத்திரில இருந்தேன். அடுத்தவாட்டி இவ பிரசவம். அப்புறம் உன் பொண்ணு கல்யாணம். திரும்பி வந்து பாத்தா அது எங்கேயோ போயிருக்கும். இந்தத் தடவை நான் இருக்கேன். கொழந்த பொறந்ததும் பத்து நாள் போய்ப் பாத்துட்டு வர்றேன். அவ்வளவுதான்."

இவ பிரசவம். என் இரண்டாவது. ஆறு மாதம் என் வீட்டில் இருந்து எண்ணெய் தேய்த்து, துணி துவைத்து, ராத்திரி கண்விழித்து எல்லாம் செய்தாள். நடுவில் இரண்டு தடவை, மாடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை என்று நான் சிரித்தேன். சிரித்தேன்!

அக்கா எல்லோருக்கும் மோர் ஊற்றினாள்.

அக்டோபர் 30

அண்ணன் மூன்று நாளாக அக்காவிடம் பேசவில்லை. பேசாமலே சாப்பிடுகிறான். கோபத்திலும் வேளை தவறவில்லை.

நவம்பர் 2

இழுபறியை அண்ணிதான் உடைத்தாள், எதிர்பார்க்கவே இல்லை. என் பெண்ணுக்கு நான் போகாமல் யார் போவது, பதினைந்து வருஷமாக என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை என்று அண்ணனிடம் சண்டை பிடித்தாளாம். டிக்கெட்டை ரத்துசெய்து அவள் பெயரில் எடுத்தாயிற்று. அப்போ இங்கே சமையல் என்று அண்ணன் கேட்டானாம். அதை அவன்தான் யோசிக்க வேண்டும் என்று அண்ணி சொன்னாளாம். வீட்டுக்காரர் இதை நடித்தே காட்டினார்.

வெற்றி வெற்றி என்று அக்காவிடம் கேரியர் வாங்கப் போனேன். கேரியர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. காலி.

"நாளைலேர்ந்து நீயே கட்டிக்கோ, கடுகு. சாயங்காலம் எனக்கு நேரமில்ல."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் கோபம். வீட்டுக்கு வந்து காலி கேரியரை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்ன நியாயத்தில் கோபப்படுகிறாய்? இதற்குத்தானே பாடுபட்டாய்?

நவம்பர் 3

என் சமையல் கேவலமாக இருக்கிறது. கடையில் ஒருத்தியும் பங்கு கேட்கவில்லை.

நவம்பர் 10

ரயில் போய்விட்டது. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். அந்த மெத்தையையும் எடுத்துப் போயிருக்கிறாள்.

டிசம்பர் 1

அக்கா போன் பண்ணி, இன்றைக்குக் கட்டாயம் வா என்றாள். ஆறு மணிக்கு மாடிக்குப் போனேன். அக்கா துணிக்கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். டெலஸ்கோப் ஸ்டூல் மேல் தயாராக. அந்த ஸ்டூல் அக்டோபர் ஒன்பதிலிருந்து கீழே இறங்கவே இல்லை. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு மூடுகிறாள்.

கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"அக்கா, ஸ்டூல் எங்க? மேல் தட்டு எட்டல."

"இங்க இருக்கு" என்றாள் அக்கா. கண்ணை மேற்கிலிருந்து எடுக்கவில்லை. "நாற்காலியைப் போட்டு ஏறு."

கொஞ்ச நேரத்தில் அவனே மேலே வந்தான், ஒரு கைக்கு ஒரு டப்பா. இதில் எது சீரகம், எது சோம்பு என்று கேட்டான். ஐம்பத்துமூன்று வயது, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தையே கட்டி மேய்க்கிறவன். நான் வாயைத் திறக்கப் போனேன். எனக்கு முன்னால் அக்கா சொன்னாள்.

"மோந்து பாரு."

மோந்து பார்த்தான். இரண்டு தடவை. என்னைப் பார்த்தான், நான் சிரிக்கவில்லை, பெரிய தவம் அது. பிறகு டெலஸ்கோப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

வெள்ளி இறங்கும் வரை காத்திருந்தோம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு வரைக்கும் போன கடைசி மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தடித்திருந்தன. வெள்ளி மறைந்தது. அக்கா கைப்பிடிச் சுவரிடம் போய், சாக்கட்டியை எடுத்து, அந்தத் தடித்த கோட்டுக்கு வலது பக்கமாக, விரல் அகலம் தள்ளி, ஒரு புதுக் கோடு போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். திரும்ப வந்து கம்பத்தில் முதுகை ஒட்டி நின்று சரிபார்த்தாள்.

கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.